நாக்கில் லேசு, கணக்கில் கனம்

மது வகைகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒரு ஜாதி தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். கள் புளித்து நாறுகிறது. சாராயம் தொண்டையைச் சுடுகிறது. விஸ்கியை முதல் தடவை விழுங்குகிறவனுடைய முகம் போகும் கோணலைப் பார்த்தால் அவன்மேல் நமக்கு இரக்கமே உண்டாகிவிடும். இத்தகைய பானங்களை விலக்குவதற்குப் பெரிய உபதேசங்கள் தேவையில்லை. மனிதனுடைய மூக்கும் நாக்குமே பாதிப் பிரசாரத்தைச் செய்து முடித்துவிடுகின்றன.

இன்னொரு ஜாதி பரம சாது. அது நாறாது, சுடாது, கசப்பதுகூட மரியாதைக்காகச் சிறிதளவுதான். "நான் சோடாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழையும். ஜப்பான் தேசத்தில் லட்சோபலட்சம் ஜனங்கள் தினந்தோறும் அருந்தும் வெளிறிய, லேசான பீர் இந்த இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தது.

அதைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் இப்போது டோக்கியோவிலும் ஓஸாகாவிலும் உத்தியோகம் பார்க்கிறார்கள். அங்கே ஆபீஸ் முடிந்த பிறகு சக உத்தியோகஸ்தர்கள் கூட்டமாகச் சாப்பிடப் போவது பழக்கம். போய் உட்கார்ந்ததும், என்ன வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்னாலேயே, "தோரியாயெஸு பீரு" என்று ஒருவர் குரல் கொடுப்பார். "இப்போதைக்குப் பீர் வரட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்பது அதன் பொருள். இதைப் பற்றி ஊரில் இருக்கும் பெற்றோர் கவலைப்பட்டால், "அது வெறும் லேசான பானம், அப்பா, அதில் ஒன்றும் இல்லை" என்று டெலிபோனில் சமாதானம் வருகிறது. தகப்பனார் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரைத் தேடி வந்து, "வாஸ்தவந்தானா, ஸார்?" என்று கேட்கிறார்.

கேள்வி நியாயமானது. அதில் "ஒன்றும் இல்லை" என்பது சரியா, தவறா? வசை பாடுவது எளிது. விசாரிப்பது சற்றுச் சிரமம். நாம் விசாரித்தே பார்ப்போம்.

* * *

ஜப்பானியருக்குப் பீர் பரம்பரைச் சொத்து அல்ல. அரிசியிலிருந்து உண்டாக்கும் ஸாகேதான் அவர்களுடைய பழைய மது. 1853-ல் அமெரிக்கத் தளபதி பெர்ரி கறுப்புக் கப்பல்களுடன் வந்து, இரு நூற்றாண்டுகளாகச் சாத்திக் கிடந்த அந்த நாட்டின் கதவைத் தட்டினார். கதவு திறந்தபின் துறைமுகங்களில் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களோடு பீரும் வந்து இறங்கியது. நார்வேயில் பிறந்து அமெரிக்கப் பிரஜையான வில்லியம் கோப்லாண்ட் என்பவர் 1870-ல் யோகோஹாமாவில் ஒரு பீர் ஆலையை நிறுவினார். அவருடைய தொழில் நொடித்துப் போயிற்று. ஆனால் அதே இடத்தில் பின்னர் எழுந்த கம்பெனிதான் 1888-ல் 'கிரின்' என்னும் பெயருள்ள பீரை விற்கத் தொடங்கியது.

இது அந்நியர் வந்து செய்த காரியம். ஜப்பானியரே செய்த காரியம் இதைவிடச் சுவையானது. நகாகாவா ஸெய்பேய் என்ற வாலிபர் 1865-ல், வெளிநாடு செல்வது தண்டனைக்குரிய குற்றமாயிருந்த காலத்தில், ரகசியமாகக் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஜெர்மனியில் ஒரு பீர் ஆலையில் சேர்ந்து, ஒன்றிரண்டு ஆண்டு தொழிலைக் கைப்படக் கற்றுக்கொண்டு 1875-ல் தாய்நாடு திரும்பினார். அப்போது ஹொக்கைதோ என்ற வடக்குத் தீவைச் சீர்திருத்திக் குடியேற்ற ஜப்பான் சர்க்கார் ஓர் இலாகாவை ஏற்படுத்தியிருந்தது. அந்த இலாகா பீர் ஆலையை முதலில் டோக்கியோவில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று நினைத்தது. முராஹாஷி ஹிஸானாரி என்ற அதிகாரி, "பார்லி விளைவதும் பனிக்கட்டி கிடைப்பதும் வடக்கில், ஆலையை டோக்கியோவில் வைப்பதில் என்ன அர்த்தம்?" என்ற கருத்தைப் பிடிவாதமாக எடுத்துரைத்து, ஆலையை ஸப்போரோ நகருக்கே கொண்டுபோனார். 1876-ல் அங்கே ஆலை திறக்கப்பட்டது.

திறப்பு விழாவில் பீப்பாய்களை அடுக்கி, அவற்றின்மேல் பெரிய எழுத்துக்களில் ஒரு விளக்கம் எழுதி வைத்தார்கள். பார்லியையும் ஹாப்ஸையும் பக்குவம் செய்தால் பீர் என்ற மது உண்டாகும் என்பது அதன் கருத்து. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியில் காய்க்கும் கூம்பு போன்ற பூ; பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தருவது அதுதான். அந்தப் பீப்பாய் விளக்கத்தை நேயர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது நமக்கு உபயோகப்படும்.

தெற்கே ஓஸாகாவிலும் 1889-ல் ஒரு கம்பெனி தோன்றி, 1892-ல் 'அஸாஹி' என்ற பெயரில் பீரை வெளியிட்டது. அஸாஹி என்றால் உதயசூரியன். அந்நியனிடம் வித்தையைக் கற்றுக்கொள், கற்ற பிறகு அந்நியனை எதிர்பார்க்காதே என்ற கொள்கையை இந்த ஆலைகளிலும் காணலாம். குடிக்கிற விஷயத்தில் நமக்கு மாறுபாடு இருக்கலாம். கற்கிற விஷயத்தில் அவர்களை மெச்சாமல் இருக்க முடியாது.

ஆனால் ஆலைகள் பெருகியதும் சர்க்காரின் கண்ணும் அவற்றின்மேல் விழுந்தது. 1899-ல், வீட்டுக்கு வீடு ஸாகே வடித்துக்கொள்வதைச் சட்டம் தடுத்துவிட்டது. ஜனங்கள் குடியைக் கெடுத்துக்கொள்வார்களே என்ற கவலையினால் அல்ல; வரி கொடுக்காமல் குடிக்கிறார்களே என்ற கவலையினால்! 1901-ல் பீருக்கும் முதன்முறையாக வரி விதிக்கப்பட்டது. சீனாவுடன் சண்டையிட்டு வென்ற பின்பு சைன்யத்தைப் பெருக்கும் செலவு ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நாட்களில் நிலவரியையும் மிஞ்சி மதுவரிதான் ஜப்பான் கஜானாவின் பெரிய தூணாக நின்றது. சர்க்காரின் ஒரு கையில் சட்டம், மற்றொரு கையில் வரித்தட்டு. இந்த இரண்டு கைகளும் சேர்ந்து ஒரு பானத்தின் ருசியையே பின்னால் மாற்றப் போகின்றன.

* * *

நடுவில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1906-ல் மூன்று பெரிய கம்பெனிகள் ஒன்றாகிப் பூதாகாரமான ஒரு ஸ்தாபனம் உண்டாயிற்று. யுத்தத்தின் நடுவே, 1943-ல், பீர்ப் புட்டிகளில் கம்பெனிப் பெயர்கள் மறைந்து 'பார்லி மது' என்று மட்டும் அச்சிடப்பட்டது. யுத்தம் முடிந்து அமெரிக்கர் ஆட்சி செலுத்திய காலத்தில், 1949-ல், அந்தப் பெரிய ஸ்தாபனம் இரண்டாகப் பிளக்கப்பட்டது. ஒரு பாதி அஸாஹி. மற்றொரு பாதி பிற்பாடு ஸப்போரோ என்று பெயர் பெற்றது. பிளவினால் லாபம் அடைந்தது கிரின். நாளடைவில் ஜப்பானில் விற்ற பீரில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் கிரினுடையதாயிற்று. அஸாஹியின் பங்கு தேய்ந்து தேய்ந்து 1985-ல் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே போய்விட்டது. ஊரில் உள்ள விகடர்கள், 'உதயசூரியன் பீர்' என்பதை மாற்றி, 'அஸ்தமன சூரியன் பீர்' என்று அழைக்கத் தலைப்பட்டார்கள்.

இந்த நிலையில்தான் அஸாஹி கம்பெனியார் ஒரு புதுமையான காரியத்தைச் செய்தார்கள். அதுவரையில் பீரின் ருசியைத் தீர்மானிக்கிறவர் ஆலையில் இருந்த நிபுணர். "இதுதான் நல்ல பீர், குடியுங்கள்" என்று அவர் சொல்வார், ஜனங்கள் குடிப்பார்கள். 1984, 1985 ஆண்டுகளில் கம்பெனியார் டோக்கியோவிலும் ஓஸாகாவிலும் சுமார் 5,000 பேரைச் சந்தித்து, உங்களுக்கு எப்படிப்பட்ட ருசி வேண்டும் என்று கேட்டார்கள். கிடைத்த பதில்களில் இரண்டு சொற்கள் முக்கியமானவை. ஒன்று 'கொகு', மற்றொன்று 'கிரே'. கொகு என்பது வாயில் நிறையும் செறிவு. நம் வீட்டில் நல்ல டிகாக்ஷன் காப்பியைப் பற்றி, "கனமாக இருக்கிறது" என்கிறோமே, அது. கிரே என்பது வெட்டு. விழுங்கிய மறுகணம் ருசி நறுக்கென்று அறுந்துபோய், வாய் சுத்தமாகிவிட வேண்டும். எண்ணெய்ப் பண்டங்களை அதிகமாகச் சாப்பிடத் தொடங்கிவிட்ட ஒரு தலைமுறைக்கு, பழைய கசந்த பீர் பாரமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

1986-ல் பாங்கித் தொழிலிலிருந்து வந்து அஸாஹியின் தலைவரானவர் ஹிகூச்சி ஹிரோதாரோ. கடைகளில் தேங்கிக் கிடந்த பழைய சரக்கை எல்லாம் திரும்பப் பெற்று அழிக்கச் செய்தவர் இவர். 1987 மார்ச் 17-ஆம் தேதி, 'ஸூபர் டிரை' என்ற புதிய பீர் டோக்கியோ வட்டாரத்தில் வெளியாயிற்று. பத்து லட்சம் பெட்டி விற்றால் போதும் என்று கம்பெனியார் எதிர்பார்த்தார்கள். முதல் வருஷத்தில் விற்றது 1 கோடியே 35 லட்சம் பெட்டி! மறுவருஷம் மற்றக் கம்பெனிகளும் அடித்துப் பிடித்துக்கொண்டு இதே மாதிரி பீரை வெளியிட்டன. 1998-ல் அஸாஹி பீர் விற்பனையில் கிரினை முந்திவிட்டது. அஸ்தமன சூரியன் மறுபடியும் உதயமாயிற்று.

'டிரை' என்பதற்கு ஜப்பானியர் சொல்லும் சொல் 'கராகுச்சி'. 'கரா' என்றால் காரம். 'குச்சி' என்றால் வாய். ஸாகேயில் இனிப்பில்லாத வகைக்கு இந்தப் பெயர் முன்பே உண்டு. 'காரம்' என்று நம் காதில் விழுந்ததும் தமிழ் நேயர்களுக்கு ஒரு துள்ளல் உண்டாகும். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பேராசிரியர் ஓனோ ஸுஸுமு பெரிய நூல்களே எழுதினார். மொழி நூலார் பெரும்பாலோர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒலி ஒற்றுமையைக் கண்டு சம்பந்தம் பேசப் புறப்படாமல் நாமும் நம் விஷயத்துக்குத் திரும்புவோம்.

* * *

இனிப்பில்லாத பீரை எப்படி உண்டாக்குகிறார்கள் என்பதை நம் வீட்டு அடுப்பங்கரையை வைத்தே விளக்கலாம். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவதற்குக் கேழ்வரகை ஊறவைத்து, முளை கட்டி, உலர்த்தி, வறுத்து, அரைக்கிறோம் அல்லவா? முளை கட்டிய தானியம் சற்று இனிக்கும். தானியத்தில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்குவதே அதற்குக் காரணம். பீருக்கு இதே முறையில் பார்லியை முளை கட்டுகிறார்கள். அதற்கு மால்ட் என்று பெயர். அதை வெந்நீரில் ஊறவைத்து இனிப்பான சாற்றை இறக்கி, ஹாப்ஸ் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆறிய பின் ஈஸ்டைச் சேர்க்கிறார்கள். இட்லி மாவில் நடப்பதைப் போலவே இங்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வேலை செய்கின்றன. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலையும் வாயுவையும் வெளிவிடுகிறது.

மால்டை மட்டும் போட்டால் பானம் கனமாக இருக்கும். ஸூபர் டிரையில் மால்டுடன் அரிசி, மக்காச்சோளம், ஸ்டார்ச்சு ஆகியவையும் சேர்கின்றன. இவற்றிலிருந்து சர்க்கரை கிடைக்கும்; பார்லிக்கு உரிய செறிவு கிடைக்காது. ஆகவே பானம் மெலிகிறது. அத்துடன், சர்க்கரையை மிச்சம் வைக்காமல் தின்னக்கூடிய ஈஸ்டையும் தேர்ந்தெடுத்தார்கள். தின்பதற்கு அதிகச் சர்க்கரை, தின்கிற ஈஸ்டுக்கு அதிகப் பசி. இதன் முடிவு என்ன?

பள்ளிக்கூடத்துப் பையன்கூட இதற்கு விடை சொல்லிவிடுவான். இனிப்புக் குறைந்தால் அந்த இனிப்பு எங்கே போயிற்று? ஆல்கஹாலாக மாறியிருக்கிறது. அந்தக் காலத்து ஜப்பானியப் பீரில் ஆல்கஹால் பெரும்பாலும் நூற்றுக்கு 4.5 பங்கு. நாக்கில் அதைவிட லேசாக இருக்கும் ஸூபர் டிரையில் 5 பங்கு!

இந்த இடத்தில் நேயர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். 'லேசு' என்று நாக்கு சொல்கிறது; 'அதிகம்' என்று அளவு சொல்கிறது. லேசாக இருப்பதற்கும் அதிகமாக இருப்பதற்கும் காரணம் ஒன்றேதான். நாக்கு பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கக்கூடாத கேள்வியை நாம் கேட்டுவிட்டு, அதன் பதிலை நம்பிவிடுகிறோம்.

* * *

கேள்வி ஞானத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது தர்மம் அன்று. ஆகையால் சில காலத்துக்கு முன் ஓஸாகாவில் தங்கியிருந்தபோது, இந்தப் பானத்தில் ஒரு சிறு கண்ணாடி டம்ளர் அளவு வாங்கிச் சுவைத்தோம். வீட்டாருக்குத் தெரிவித்துவிட்டே சுவைத்தோம் என்பதையும் பதிவு செய்துகொள்கிறோம்.

நிறம் வைக்கோல் நிறம். டம்ளருக்கு மறுபுறம் வைத்த பத்திரிகையின் தலைப்பைப் படிக்கலாம். மேலே இரண்டு விரற்கடை அளவுக்கு வெள்ளை வெளேரென்று நுரை. மூக்கின் அருகே கொண்டுபோனால் மிக மெல்லிய தானிய வாசனை. அதையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். வாயில் வைத்ததும் முதலில் தெரிவது ருசி அல்ல, குளிர்ச்சி. அடுத்தாற்போல் வாயு சுரீரென்று நாக்கைக் குத்துகிறது. பிறகு நுனிநாக்கில் வெந்த அரிசியை நினைவூட்டும் ஓர் இனிப்பு, இருக்கிறதோ இல்லையோ என்ற அளவில். அடிநாக்கில் கசப்பு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. விழுங்கினால் எல்லாம் தீர்ந்தது. எழுதிய பலகையை ஈரத் துணியால் துடைத்த மாதிரி வாய் காலியாகிவிடுகிறது. 'கிரே' என்று 5,000 பேர் கேட்டதை அணுப் பிசகாமல் செய்து கொடுத்திருக்கிறார்கள். தொழில் திறமைக்கு நூற்றுக்கு நூறு மார்க்கு.

ஜப்பானியர் இதைச் சுவைக்கும்போது நாக்கைவிடத் தொண்டையைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். 'நோதோகோஷி', அதாவது தொண்டை வழியே இறங்கும் சுகம், என்று ஒரு சொல்லே இருக்கிறது. தொட்டுக்கொள்ள, தோலோடு வேகவைத்து உப்புத் தூவிய பச்சை ஸோயா மொச்சையைக் கொண்டுவந்து வைப்பார்கள். நம் ஊர் வேகவைத்த வேர்க்கடலைக்கு நெருங்கிய உறவு. உப்பு தாகத்தை உண்டாக்குகிறது, பீர் தாகத்தைத் தணிக்கிறது, மறுபடியும் உப்பு. கூட்டாளிகள் பொருத்தமானவர்கள்!

உபாத்தியாயர் புத்தி சும்மா இருக்குமா? டம்ளரில் பாதியை அப்படியே வைத்துவிட்டு, அரைமணி நேரம் கழித்து மறுபடியும் ஒரு வாய் சுவைத்தோம். குளிர்ச்சி போய்விட்டது, வாயுவும் போய்விட்டது. இப்போது அதில் மிஞ்சியிருந்தது, சோளம் ஊறிய தண்ணீரைப் போன்ற சப்பென்ற ஒரு திரவமும், அதன் அடியில் தெளிவாகத் தெரிந்த ஆல்கஹாலின் நெடியுமே. நெடி புதிதாக வந்ததல்ல, முதலிலேயே இருந்ததுதான். குளிர்ச்சி அதன்மேல் போர்வையைப் போர்த்தியிருந்தது. இந்தப் பீரைப் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரி வரை குளிர்வித்துக் கொடுக்கும் விசேஷக் குழாய்களே உண்டு என்றால், போர்வைக்கு எவ்வளவு மதிப்பு என்பது விளங்கும்.

இன்னொன்றும் கவனித்தோம். கனமான பண்டத்துக்கு ஒரு நற்குணம் உண்டு: போதும் என்று அதுவே சொல்லிவிடும். இரண்டாவது டம்ளர் பாயசத்தில் நம் கை தானாகவே தயங்குகிறது. இந்தப் பானத்தில் 'போதும்' என்று சொல்லும் குரலைத் தேடித் தேடி எடுத்துவிட்டிருக்கிறார்கள். அத்துடன் ஜப்பானிய உபசாரமும் சேர்ந்துகொள்கிறது. அங்கே தன் டம்ளரைத் தானே நிரப்பிக்கொள்வது அழகல்ல. பக்கத்தில் இருப்பவருடைய டம்ளரை நாம் நிரப்ப வேண்டும், நம்முடையதை அவர் நிரப்புவார். பாதி குறைந்ததும் நிரம்பிவிடும் டம்ளரில், எத்தனை குடித்தோம் என்று கணக்கு வைப்பது எப்படி?

* * *

வரித்தட்டை ஏந்திய சர்க்காரின் கதைக்கு இப்போது வருவோம். 2018 வரையில் ஜப்பானியச் சட்டத்தில், தானியப் பொருள்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் மால்ட் இருந்தால்தான் அது பீராகக் கருதப்பட்டது. பீருக்குக் கடுமையான வரி. 1994-ல் ஸன்டோரி கம்பெனி நூற்றுக்கு 65 பங்கு மால்டைப் போட்டு ஒரு பானம் செய்தது. இரண்டு பங்கு குறைந்ததால் சட்டப்படி அது பீர் அல்ல. 'ஹப்போஷூ', அதாவது நுரைக்கும் மது. வரி குறைவு, விலையும் குறைவு, ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். சர்க்கார் விழித்துக்கொண்டு, 1996-ல், பாதிக்குமேல் மால்ட் உள்ளதற்கும் பீர் வரியே என்றது. கம்பெனிகள் மால்டை நூற்றுக்கு 25 பங்குக்கும் கீழே இறக்கின. 2003-ல் சர்க்கார் அதன் வரியையும் உயர்த்தியது. உடனே ஸப்போரோ கம்பெனி மால்டே இல்லாமல், பட்டாணியிலிருந்து எடுத்த புரதத்தைக் கொண்டு ஒரு பானம் செய்து 2004-ல் நாடெங்கும் விற்றது!

பீப்பாய் விளக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னோமே, நேயர்களே! பார்லியும் ஹாப்ஸும் சேர்ந்தால் பீர் என்று 1876-ல் பெருமிதத்துடன் எழுதி வைத்த அதே பரம்பரையில் வந்த கம்பெனி, பார்லியைக் கைவிட்டுப் பட்டாணிக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு படியிலும் பானம் மேலும் மெலிந்தது, மேலும் மலிந்தது. 2006 முதல் 2020 வரையில், 350 மில்லிலிட்டர் டின் ஒன்றுக்குப் பீரின் வரி 77 யென். ஹப்போஷூவுக்கு ஏறக்குறைய 47. பட்டாணி ஜாதிக்கு 28. ஏழை உத்தியோகஸ்தன் எதை வாங்குவான் என்று சொல்ல வேண்டுமா? இந்தக் கண்ணாமூச்சி விளையாட்டை நிறுத்துவதற்காக, எல்லாவற்றுக்கும் 54.25 யென் என்று ஒரே வரியை, 2026 அக்டோபர் மாதத்திலிருந்து என நாள் குறித்துச் சட்டம் வகுத்தார்கள். ஆக, இந்த லேசான ருசியை வகுத்தவர்களில் பாதிப்பேர் ஆலையில் இருந்தார்கள். மீதிப்பேர் வரி இலாகாவில் இருந்தார்கள்.

வரி இலாகாவின் கவலை அத்துடன் தீரவில்லை. 1980-ல் ஜப்பானின் மொத்த வரி வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து பங்காயிருந்த மதுவரி, 2020-ல் இரண்டு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. இளைஞர்கள் குடிப்பது குறைந்துவிட்டது என்பதைக் கேட்டு நாமெல்லோரும் சந்தோஷப்படுவோம். வரி இலாகா சந்தோஷப்படவில்லை. 2022-ல், 20 முதல் 39 வயதுக்கு உட்பட்டவர்களை விளித்து, இளைஞர்களிடையே மதுவுக்குக் கிராக்கியை உண்டாக்க யோசனை சொல்லுங்கள் என்று போட்டியே வைத்துவிட்டது! இதைக் கேட்டு உலகம் சிரித்தது. ஜப்பானியரிலும் பலர் முகம் சுளித்தார்கள். மதுவின் வருமானத்தில் ஒரு தடவை சாய்ந்துகொண்ட சர்க்காருக்கு நிமிர்ந்து உட்கார்வது எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

அந்த நாட்டில் வேறு மாதிரி மனிதர்களும் இருந்தார்கள். நெமோதோ ஷோ என்ற பார்லிமெண்டு அங்கத்தினர், சிறுவர்கள் குடிப்பதைத் தடுக்க 1901-ல் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அது தோற்றது. மறுபடியும் கொண்டுவந்தார், மறுபடியும் தோற்றது. சளைக்காமல் இருபது வருஷத்துக்குமேல் போராடி 1922-ல் அதைச் சட்டமாக்கினார். இன்றும் அங்கே இருபது வயது நிரம்பாதவர்கள் குடிக்கலாகாது. 2022-ல், பதினெட்டு வயதினரை மேஜராக்கிச் சட்டத்தை மாற்றியபோதுகூட, மது விஷயத்தில் இருபது என்ற வரம்பைத் தளர்த்தவில்லை. உதயசூரியன் பீரைத் தெரிந்த நம்மவருக்கு நெமோதோவின் பெயரும் தெரிந்திருப்பது நலம்.

* * *

கடைசியாகக் கணக்கு. 2024 பிப்ரவரியில் ஜப்பானின் சுகாதார மந்திரி இலாகா, குடிப்பழக்கத்தைப் பற்றி முதன்முறையாக ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதன் பாஷை டம்ளர் அல்ல, புட்டி அல்ல, கிராம். ஒரு மில்லிலிட்டர் ஆல்கஹாலின் எடை சுமார் 0.8 கிராம். ஆகவே 5 பங்கு ஆல்கஹால் உள்ள பீர் 500 மில்லிலிட்டர் என்றால், 500-ஐ 0.05-ஆல் பெருக்கி, பின் 0.8-ஆல் பெருக்க, 20 கிராம். சிறிய 350 மில்லிலிட்டர் டின்னில் 14 கிராம். நாள் ஒன்றுக்கு ஆண்களுக்கு 40 கிராமும் பெண்களுக்கு 20 கிராமும் எட்டினாலே வியாதிகளின் அபாயம் ஏறுகிறது என்கிறது வழிகாட்டி. 'ஒன்றும் இல்லாத' அந்தப் பானத்தில் மூன்று சிறிய டின் குடித்த வாலிபன் 42 கிராமை எட்டிவிட்டான். இரண்டு டின் குடித்த பெண்ணின் கணக்கு 28.

ஜப்பானியரில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு, ஆல்கஹால் உடம்பில் மாறும்போது உண்டாகும் நச்சுப் பொருளை அழிக்கும் சக்தி பிறவியிலேயே குறைவு. ஒரு டம்ளரிலேயே முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும். நாக்குக்கு லேசான பானம், அவர்களுடைய ஈரலுக்கு லேசாக இருப்பதில்லை.

தகப்பனாரின் கேள்விக்கு நம் விடை இதுதான்: "லேசு என்பது வாஸ்தவம். ஒன்றும் இல்லை என்பது வாஸ்தவம் அல்ல." குடிக்காமலே இருப்பது உத்தமம் என்ற நம் அபிப்பிராயத்தில் மாறுதல் இல்லை. அதற்காக நண்பர் கூட்டத்தை விட்டு ஓடி ஒளிய வேண்டியதும் இல்லை. 2006-ல் புகுவோகா நகரில் குடித்துவிட்டுக் கார் ஓட்டியவனால் மூன்று பச்சிளங் குழந்தைகள் மாண்ட பிறகு, அந்த நாடே பதறிச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 2009-ல் கிரின் கம்பெனி, ஆல்கஹால் 0.00 என்று அச்சிட்ட பீர் போன்ற பானத்தை வெளியிட்டது. இன்று ஜப்பானிய உணவுக் கடைகளில் அப்படிப்பட்ட பானம் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால், 'ஊலோங்-சா' என்று கேட்டால் குளிர்ந்த தேநீர் வரும். அதை உயர்த்திப் பிடித்து, 'கன்பாய்' என்று எல்லோருடனும் சேர்ந்து வாழ்த்துக் கூறலாம். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

ஆகையால், அயல் நாட்டில் இருக்கும் நம் வீட்டு இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. டின்னின் முகப்பில் மின்னும் பெயரை யாரும் படித்துவிடுவார்கள். அதன் முதுகில், சிறிய எழுத்தில், ஒரு சதவிகிதமும் ஒரு மில்லிலிட்டர் கணக்கும் அச்சிட்டிருக்கிறது. இரண்டையும் பெருக்கி, அதை 0.8-ஆல் பெருக்குங்கள். மூன்றாம் பாரத்தில் படித்த கணக்குத்தான்.